ஊர் சுற்றலாம் வாங்க: 500 படி இறங்கினால் எரிமலை!

எரிமலை என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சினிமாதான். மலை வெடிக்கும், நெருப்பு பறக்கும், ஜனங்கள் ஓடுவார்கள். ஆனால், எரிமலைக்குள் படிக்கட்டு வழியே இறங்கி, கறுப்புப் பாறையில் பொடிநடையாக நடந்து, உச்சிப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. மலை அமைதியாக இருந்தால் அனுமதி இலவசம். மலை முணுமுணுக்க ஆரம்பித்தால் கதவு பூட்டப்படும்.

இந்த வாரம் நாம் போகப்போவது ரீயூனியன் தீவு. இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் நீலகிரி மாவட்டத்தின் பரப்பளவுதான் மொத்தத் தீவும். அங்குள்ள எரிமலையின் பெயர் பித்தோன் த லா ஃபூர்னேஸ். தமிழில் சொன்னால் 'உலைச் சிகரம்'. உயரம் 2,632 மீட்டர். ஊட்டிக்குப் போனவர்கள் ஏறிப் பார்த்த தொட்டபெட்டாவை விட ஐந்தே மீட்டர் குறைவு. அதாவது தொட்டபெட்டா உயரத்தில் ஒரு மலை, சில ஆண்டுகளில் இரண்டு மூன்று முறைகூட நெருப்பைக் கக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அஜந்தாவுக்கும் இந்தத் தீவுக்கும் என்ன சம்பந்தம்?

பூமிக்கு அடியில் ஓர் இடத்தில் அடுப்பு மாதிரி வெப்பம் மேலே வந்துகொண்டே இருக்கிறது. அதன் மேல் நிலத்தட்டு மெதுவாக நகர்ந்துபோகிறது. தட்டு நகர நகர, அடுப்புக்கு நேர் மேலே எந்த இடம் வருகிறதோ அங்கே எரிமலை பிறக்கும். இதைத்தான் 'ஹாட் ஸ்பாட்' என்கிறார்கள் புவியியலாளர்கள்.

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த அடுப்புக்கு மேல் இருந்தது நம் இந்திய நிலப்பரப்பு. அப்போது வழிந்த குழம்புதான் அடுக்கடுக்காக உறைந்து தக்காணப் பீடபூமியின் கறுப்புப் பாறைகளாக ஆனது என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அந்தப் பாறையில்தான். இந்தியா வடக்கே நகர்ந்துவிட்டது. போகிற வழியில் லட்சத்தீவு, மாலத்தீவு வரிசைக்கும் அடித்தளம் போட்டுவிட்டு, இன்று அதே அடுப்பு ரீயூனியனுக்குக் கீழே எரிந்துகொண்டிருக்கிறது.

தீவில் எரிமலைகள் இரண்டு. மூத்தவர் பித்தோன் தே நேஜ். சுமார் 3,070 மீட்டர் உயரம், தீவிலேயே உயர்ந்த சிகரம். 10,000 ஆண்டுகளுக்கு மேலாக உறக்கம். இளையவர்தான் நம் உலைச் சிகரம். உலகில் மிக அதிகமாகச் சீறும் எரிமலைகளில் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 150 முறைக்கு மேல் சீறியிருக்கிறது. நடுவில் 1992 முதல் 1998 வரை சத்தமே இல்லை. அதன்பின் 1998 மார்ச்சில் விழித்து ஆறு மாதத்துக்கு மேல் ஓயவில்லை.

2007-இல் தீவின் நடுப்பகுதி தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. தீவின் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் இதற்குள் வருகிறது. 2010-இல் இதன் சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் செங்குத்துச் சுவர்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன.

விடியலுக்கு முன் கிளம்பணும்

எரிமலைக்குப் போகிறவர்கள் கடற்கரை ஊரிலிருந்து இருட்டிலேயே வண்டியை எடுக்கிறார்கள். காரணம், மேகம். காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து மேகம் மலையேறி வரும். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு மூடிக்கொள்ளும் நாட்கள் நிறைய.

பூர் முரா என்ற மலை ஊர்தான் நுழைவாயில். எரிமலை அருங்காட்சியகமும் எரிமலை ஆய்வகமும் இங்கேதான் இருக்கின்றன. இங்கிருந்து காட்டுப் பாதை. மாடு மேயும் பச்சைப் புல்வெளி, அப்புறம் குட்டைப் புதர். ஒரு திருப்பத்தில் சட்டென்று பச்சை எல்லாம் காணாமல் போகும். கீழே செம்பழுப்பும் கறுப்புமாக ஒரு மணல் சமவெளி விரிந்து கிடக்கும். பெயரே 'மணல் சமவெளி', பிரெஞ்சில் ப்ளேன் தே சாப்ல். செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியதுபோல் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வது இந்த இடத்தைத்தான்.

சமவெளியைக் கடந்தால் சாலை முடிகிறது. இடத்தின் பெயர் பா த பெல்கோம்ப். 2,311 மீட்டர் உயரம். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் ஒரு செங்குத்துச் சுவரின் விளிம்பு. கீழே பிரம்மாண்டமான கறுப்புக் கிண்ணம். நடுவில் எரிமலை. இந்தக் கிண்ணத்துக்கு ஆன்க்ளோ ஃபூக்கே என்று பெயர். கிழக்குப் பக்கம் மட்டும் திறந்து, கடல் வரை சரிந்து போகிறது. எரிமலையின் பெரும்பாலான சீற்றங்கள் இந்தக் கிண்ணத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. உள்ளே யாரும் குடியிருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அடிக்கடி சீறியும் பெரிய உயிர்ச்சேதம் இல்லாமல் தீவு பிழைத்திருக்கிறது.

வீட்டில் பெரியவர்கள், மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் இந்த விளிம்பே போதும். இங்கிருந்து தெரியும் காட்சிக்காக மட்டும் வந்து போகிற குடும்பங்கள் ஏராளம்.

குழியானை மலையும் கயிறு திரித்த கல்லும்

நடக்க வந்தவர்களுக்கு இங்கே ஒரு கதவு. அது திறந்திருந்தால்தான் மேற்கொண்டு பயணம்.

கதவைத் தாண்டினால் படிக்கட்டு. சுவரை ஒட்டி வளைந்து வளைந்து 500-க்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. இறங்குவது சுலபம். திரும்பி வரும்போது களைத்த காலோடு இதே படிகளை ஏற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கீழே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு குட்டிச் செம்மலை. 1753-இல் உருவானது. பெயர் ஃபோர்மிகா லியோ. நம் ஊர் மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே குழியானைப் பூச்சி, அதற்கான லத்தீன் பெயர்தான் அது. மலையின் உச்சியில் அச்சு அசலாகக் குழியானைக் குழி போலவே ஒரு பள்ளம். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இந்த மலை வரை போய்த் திரும்புவதே நல்ல நடை.

அதற்கப்பால் பாதை என்று தனியாக எதுவும் கிடையாது. உறைந்த குழம்பின் மேல் வெள்ளைப் பெயின்ட் புள்ளிகள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நடக்க வேண்டும். சில இடங்களில் பாறை, கயிறு திரித்து வைத்தாற்போல் மடிப்பு மடிப்பாக வழவழவென்று இருக்கும். குழம்பு நிதானமாக ஓடி, மேல்தோல் சுருங்கி உறைந்த அடையாளம் அது. வேறு சில இடங்களில் உடைந்த செங்கல் குவியல் மாதிரி கூர்கூராக இருக்கும். தடுக்கி விழுந்தால் உள்ளங்கை கிழிந்துவிடும். செருப்புப் போட்டு வந்தவர்கள் இங்கேதான் திரும்புவார்கள்.

வழியில் 'ரோஸ்மோன் தேவாலயம்' என்று ஓர் இடம். தேவாலயம் எதுவும் இல்லை. பீறிட்ட குழம்புத் துளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கட்டிய சிறு குகை. கோபுர வாசல் போலத் தெரிவதால் அந்தப் பெயர்.

பிறகு ஏற்றம். உச்சியில் தொலோமியூ பள்ளம். 1801-இல் இங்கே ஏறி ஆராய்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் போரி த சேன் வேன்சான், புவியியல் அறிஞர் தொலோமியூவின் நினைவாக வைத்த பெயர். 2007 ஏப்ரல் வரை இந்தப் பள்ளம் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. அந்த மாதம் மலையின் அடிவாரத்தில் ஒரு வெடிப்புத் திறந்து, உள்ளே இருந்த குழம்பெல்லாம் கடலை நோக்கி ஓடியது. அடியில் தாங்க ஆளில்லாமல் உச்சி, சில நாட்களில் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் போல ஐந்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் வெளியே தலை தெரியாத ஆழம்.

இப்போது பார்ப்பதற்கென்று அனுமதித்த ஓர் இடத்தில் நின்று எட்டிப் பார்க்கலாம். விளிம்பு இன்னமும் உறுதியாகவில்லை. விரிசல்களைத் தாண்டிப் போகக் கூடாது. போய்வர மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது, கடை கிடையாது.

பூட்டிய கதவைத் தாண்டியவர்கள்

1977 ஏப்ரலில் எரிமலை வழக்கத்தை மீறியது. கிண்ணத்துக்கு வெளியே வெடித்து, பித்தோன் சேந்த் ரோஸ் என்ற கிராமத்துக்குள் குழம்பு நுழைந்தது. ஜனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். பல வீடுகள் போயின. ஊர் தேவாலயத்தின் வாசல் வரை வந்த குழம்பு, கட்டடத்தைச் சுற்றி வளைத்து, அங்கேயே நின்று உறைந்தது. இன்று அந்தத் தேவாலயத்துக்குப் பெயரே 'லாவா மாதா கோயில்'. வாசலில் கறுப்புக் குழம்பு அப்படியே கிடக்கிறது. நடுவில் வழி விட்டு மக்கள் உள்ளே போய் வருகிறார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், 1979-இல் எரிமலை ஆய்வகம் ஏற்பட்டது. மலை முழுக்கக் கருவிகள். பூமிக்கு அடியில் குழம்பு நகர்ந்தால் சிறு சிறு அதிர்வுகள் வரும். மலையின் உடல் சில மில்லிமீட்டர் உப்பும். கருவிகள் இதைப் பிடித்துவிடும். ஆய்வகம் சொன்னதும் நிர்வாகம் எச்சரிக்கை அறிவிக்கும். உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுவார்கள். கதவு பூட்டப்படும். அதிர்வு தொடங்கியதிலிருந்து குழம்பு வெளியே வர, சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை.

இதில்தான் ஒரு சங்கடம் இருக்கிறது. கதவு பூட்டப்படும் அந்த நாளில்தான் எரிமலை பார்க்க அழகாக இருக்கும். இரவில் செந்நிறக் குழம்பு ஓடும் படங்கள் போனுக்குப் போன் பறக்கும். பார்த்தவர்களுக்குக் கை, கால் பரபரக்கும்.

2021 ஏப்ரலில் அப்படி ஒரு சீற்றம். தடை அமலில் இருந்தது. இளம் மாணவர்கள் இருவர் உள்ளே போனார்கள். திரும்பவில்லை. தேடிப்போனவர்களுக்கு உடல்கள்தான் கிடைத்தன.

இந்த மலையில் ஆளை விழுங்குவது நெருப்பு மட்டும் இல்லை. மூடுபனி, மழை, குளிர், விரிசல், வழி தவறுவது எல்லாமும்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் குளிர் உறைநிலையை நெருங்கும். பனி மூடினால் அடுத்த வெள்ளைப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பு. அந்த நேரத்தில் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று நடப்பவர்தான் மாட்டிக்கொள்வார். கடைசியாகப் பார்த்த புள்ளிக்குத் திரும்பி வந்து, அங்கேயே காத்திருப்பவர் பிழைத்துக்கொள்வார்.

சீற்றத்தைப் பார்க்கவே முடியாதா? முடியும். எங்கே வெடிக்கிறது என்பதைப் பொறுத்து, நிர்வாகம் அனுமதிக்கும் இடங்களிலிருந்து தூரத்தில் நின்று பார்க்கலாம். குழம்பு கடல் பக்கம் இறங்கினால், கடலோர நெடுஞ்சாலையில் தீவு ஜனங்கள் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சாம்பலில் முளைக்கும் பச்சை

அந்தக் கடலோர நெடுஞ்சாலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'லாவா சாலை' என்றே பெயர். மலையிலிருந்து இறங்கிய குழம்பு இந்தச் சாலையைப் பலமுறை வெட்டிப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு, மேலேயே புதுச் சாலை போடுகிறார்கள். ஓரத்தில் எந்த ஆண்டுக் குழம்பு என்று பலகை வைத்திருக்கிறார்கள். 2007 குழம்பு கடலில் விழுந்து தீவுக்குப் புது நிலமே சேர்த்தது. அப்போது ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைச் சேகரித்தார்கள்.

பலகையிலுள்ள ஆண்டைப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு பாடம் கிடைக்கும். புதிய குழம்பில் ஒன்றுமே இருக்காது. சில ஆண்டு பழையதில் வெள்ளி நரை போல ஒரு படிவம் பூத்திருக்கும். லைக்கன் எனும் கல்பாசி அது. அதற்கும் பழையதில் பெரணிச் செடி. அதற்கும் பழையதில் புதர். கடைசியில் காடு. ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் நூறு, இருநூறு வருஷ வளர்ச்சியைப் பார்த்துவிடலாம்.

மனிதர்கள் கொண்டுவந்த வெளிநாட்டுச் செடிகள்தான் இந்தக் காட்டுக்குப் பெரிய எதிரி. உலகில் வேறெங்கும் இல்லாத செடிகளை அவை நெருக்கித் தள்ளுகின்றன. எனவே மலைக்குப் போகும் முன் ஷூவைத் தட்டி, ஒட்டியிருக்கும் மண்ணையும் விதையையும் நீக்குவது நல்லது. கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதும் கூடாது.

முருங்கைக் கீரை தெரிந்த ஊர்

ரீயூனியனில் அடிமை முறை 1848 டிசம்பர் 20-இல் ஒழிந்தது. அதற்கு முன் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்துகொண்டது இந்த மலைப் பள்ளத்தாக்குகளில்தான். மஃபாத் என்ற பள்ளத்தாக்கின் பெயரும், ஆன்ஷேன், சிமான்தெஃப் என்ற சிகரங்களின் பெயர்களும் தப்பியோடியவர்களின் பெயர்களே. மஃபாத்துக்கு இன்றும் சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். இன்று சுற்றுலாப் பயணிகள் ஆசையாக நடக்கும் ஒற்றையடிப் பாதைகள் சில, ஒரு காலத்தில் உயிர் பிழைக்க ஓடிய வழிகள்.

அடிமைகள் போனபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து போன தமிழர்கள் அவர்களில் மிகுதி. அவர்களுடைய வாரிசுகளை அங்கே 'மலபார்' என்கிறார்கள். பெரும்பாலானோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் சேன்-ஆந்த்ரே போன்ற ஊர்களில் கோபுரத்தோடு கோயில்கள் உண்டு. காவடி உண்டு, தீமிதி உண்டு. சாப்பாட்டுத் தட்டில் 'காரி' உண்டு, 'மசாலே' உண்டு. முருங்கைக் கீரையை 'மூரும்' என்கிறார்கள். பாஷை மறந்தும் கீரையின் பெயர் மறக்கவில்லை.

எரிமலை பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாளை இந்த ஊர்களுக்கும் ஒதுக்கினால் பயணம் நிறைவாகும்.

போவதற்கு முன்பு கவனிக்க

* எப்போது? மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் காலம். தவிர்த்துவிடலாம்.

* விசா: தீவு பிரான்ஸின் ஒரு பகுதி. பணம் யூரோ. ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. உங்கள் விசா ரீயூனியனுக்குச் செல்லுமா என்பதை டிக்கெட் போடும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். மொரிஷியஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

* பையில் என்ன? ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். தொப்பி, ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டார்ச், சாப்பாடு, சார்ஜ் நிரம்பிய போன். காலுக்குக் கணுக்காலை மூடும் ஷூ.

* கிளம்பும் அன்று: எரிமலை எச்சரிக்கை, வானிலை இரண்டையும் பாருங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். அவசர எண் 112.

* யாருக்கு எவ்வளவு? விளிம்பு வரை எல்லோருக்கும். குழியானை மலை வரை, நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் படியேற முடிந்த பெரியவர்களுக்கும். தொலோமியூ உச்சி, தினமும் நடந்து பழகியவர்களுக்கு மட்டும்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு செலவு செய்து, இருட்டில் எழுந்து, மலையேறிப் போகும்போது கதவு பூட்டியிருக்கலாம். அல்லது பாதி வழியில் மேகம் மூடலாம். குடும்பத்தில் யாராவது ஒருவர், 'போதும், திரும்பிடலாம்' என்பார். இளசுகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் திரும்பச் சொன்னவர் பேச்சைக் கேளுங்கள். 6 கோடி வருஷமாக எரிகிற அடுப்பு, நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.